பூத்தால்தான் தெரியும்

"இது என்ன செடின்னு எனக்குத் தெரியணும்," என்றார் சௌந்தரபாண்டியன்.

சலோமி பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து பார்த்தாள். தண்ணீருக்குள் ஐந்து இலைகள். விரல் நீளம். மேல்பக்கம் பழுப்பு, அடிப்பக்கம் மங்கிய சிவப்பு.

"கிரிப்ட் வகைச் செடி," என்றாள்.

"அது எனக்கும் தெரியும்மா. கிரிப்ட்லயே அம்பது அறுபது இருக்கு. இது எது?"

"இலையை வச்சு எப்படிச் சொல்றது? ஒரே செடி ஓடையில ஒரு மாதிரி இருக்கும், தொட்டியில வேற மாதிரி இருக்கும். உங்களுக்குத் தெரியாததா. பூத்தாத்தான் தெரியும்."

"அதுக்குத்தான் வந்தேன். என்கிட்ட பூக்க மாட்டேங்குது."

மீன்தொட்டிக்குள் வளர்க்கும் நீர்ச்செடிகளைச் சேகரிப்பவர்கள் சென்னையில் சிலர் இருக்கிறார்கள். அவர்களில் சௌந்தரபாண்டியன் மூத்தவர். வில்லிவாக்கத்தில் அவர் வீட்டில் இருபத்தாறு தொட்டிகள். மீன் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் செடி. எல்லாம் அரிதானவை, விலை அதிகமானவை. ஒரு செடி இன்னும் இரண்டு பேரிடம் வந்துவிட்டது என்று தெரிந்தால், அதைத் தூக்கி யாருக்காவது கொடுத்துவிடுவார்.

சலோமி கொளத்தூரில் ஒரு வாடகை வீட்டின் கீழ்த்தளத்தில், கடைகளுக்காகச் செடி வளர்ப்பவள். புதிதாக மீன் வளர்க்கத் தொடங்குபவர்கள் வாங்கும் சாதாரணச் செடிகள். கட்டு பத்து ரூபாய். ஆனால் எந்தச் செடியையும் பூக்க வைத்துவிடுவாள். சேகரிப்பவர்கள் அவள் இல்லாத இடத்தில் அவளைப் பூக்காரம்மா என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர் சௌந்தரபாண்டியன்தான்.

அவருக்கு வயது அறுபத்து மூன்று. அவளுக்கு முப்பத்தெட்டு.

"எங்கே கிடைச்சுது?" என்றாள்.

"என் பையன் கொண்டு வந்தான். செழியன். போர்னியோ தீவுல ரோடு போடுற கம்பெனியில இருந்தான்."

"அவரே சொல்லியிருப்பாரே, என்ன செடின்னு."

"சொன்னான்." அவர் அந்தச் செடியின் பெயரைச் சொன்னார். ஒரே ஒரு ஓடையில் மட்டும் வளரும் செடி. "நான் இல்லைன்னு சொன்னேன்."

"இப்போ?"

"இப்போ அவன் இல்லை."

சலோமி மூடியைக் கீழே வைத்தாள்.

"போன மே மாசம். மண் ரோட்டுல வண்டி கவுந்துடுச்சு. கம்பெனியில இருந்து படம் அனுப்பினாங்க. நான் முப்பத்தஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயர். அடிபட்ட வண்டியைப் பார்க்கறதுதான் வேலை. படத்தைப் பார்த்ததும் தெரிஞ்சுடுச்சு. அவங்க ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னாங்க."

பக்கத்து அறையில் தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"இது சாதாரணச் செடின்னா, நான் அன்னைக்குச் சொன்னது சரி. அவனை யாரோ ஏமாத்தியிருக்காங்க, நான் உண்மையைச் சொல்லியிருக்கேன். அவ்வளவுதான்."

"அவர் சொன்ன செடியாவே இருந்தா?"

அவர் டப்பாவைப் பார்த்தார்.

"ஒரு வருஷம் ஆகலாம்," என்றாள் சலோமி.

"ஆகட்டும்."

"செடி இங்கேதான் இருக்கும். மாசத்துக்கு ஒரு தடவை வாங்க. வந்ததும் செடிகிட்ட போகக் கூடாது. முதல்ல இது உங்க கைக்கு வந்த நாளைச் சொல்லணும்."

"எதுக்கு?"

"எங்கிருந்து வந்ததுன்னு தெரியாம நான் எதையும் வளர்க்கறதில்லை."

"ஒரே கதைதானேம்மா. ஒவ்வொரு தடவையும் அதையேவா?"

"ஒரே கதைன்னா சீக்கிரம் முடிஞ்சிடும்."



அவர் அன்றே சொன்னார்.

"அவன் போறதுக்கு முந்தின வருஷம் ஆகஸ்ட் பதினேழு. ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொன்றரை மணி இருக்கும். லீவுல வந்தான். செடியைக் கொடுத்தான். பேரைச் சொன்னான். நான் பார்த்தேன். இது அது இல்லைன்னு சொன்னேன். கோபப்பட்டான். மறுநாளே கிளம்பிட்டான்."

"ஆக்சிடென்ட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு சார்."

"பழக்கம்."

"அதுக்கப்புறம் பேசினாரா?"

"அவங்க அம்மாகிட்ட பேசுவான். ஞாயித்துக்கிழமை. நான் டிவி சத்தத்தைக் கூட்டி வச்சுப்பேன்."

"செடியை எங்கே வச்சிருந்தீங்க?"

"துணி துவைக்கிற இடத்துல ஒரு பக்கெட்ல போட்டேன். மறந்துட்டேன். அவன் காரியமெல்லாம் முடிஞ்ச பிறகு ஒருநாள் பார்க்கறேன், அப்படியே இருக்கு. கோமதி தண்ணி ஊத்திட்டு இருந்திருக்கா. என் வீட்டுக்காரி. ஒன்பது மாசம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். செத்திருக்கும்னு நெனச்சீங்களான்னா."

சலோமி செடியைத் தண்ணீரிலிருந்து எடுத்தாள். மக்கிய இலைத்தூள் நிரப்பிய தொட்டியில் நட்டாள். இலைத்தூள் நனையும் அளவுக்கு மட்டும் மழைநீர் ஊற்றினாள். மேலே பாலிதீன் தாளைப் போர்த்தி நூலால் கட்டினாள்.

"தண்ணிக்கு வெளியே இருந்தாத்தான் பூக்கும். தண்ணிக்குள்ள வளர்ந்த இலை எல்லாம் கரைஞ்சு போயிடும்," என்றாள்.

"எல்லாமா?"

"எல்லாம்."

"அவன் தொட்ட இலை இது."

"அந்த இலை எப்பவோ போயிருக்கும் சார். இது பக்கெட்ல வந்த இலை."



மாசி மாதம் வந்தார். நேராகத் தொட்டியிடம் போனார். பாலிதீனுக்குள் பச்சை எதுவும் இல்லை. விரலை உள்ளே விட்டு, மண்ணுக்குள் இருக்கும் செடியின் கிழங்கைத் தடவப் பார்த்தார்.

சலோமி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உட்காருங்க."

"செத்துடுச்சாம்மா?"

"உட்கார்ந்து சொல்லுங்க."

அவர் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஆகஸ்ட் பதினேழு என்று ஆரம்பித்தார்.

"தேதி தெரியும். வீட்டுல யார் யார் இருந்தாங்க?"

"நான், கோமதி, அவன்."

"மூணு பேரா?"

"இன்னும் நாலு பேர் இருந்தாங்க," என்றார். "என்னை மாதிரி செடி வச்சிருக்கிறவங்க. மாசத்துல ஒரு ஞாயிறு எங்க வீட்டுல கூடுவாங்க. கோமதி கேசரி பண்ணியிருந்தா."

"அவங்க முன்னாடியா கொடுத்தார்?"

"அவனுக்கு அவங்க வர்றது தெரியும். அதனாலதான் அந்த நாளாப் பார்த்து வந்தான்."

"இல்லைன்னு சொன்னேன்னீங்களே. எப்படிச் சொன்னீங்க?"

"சாதாரணமாத்தான்."

"என்ன வார்த்தை?"

அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துத் திருப்பிச் செருகினார்.

"ஏர்போர்ட்ல இருந்து வர்ற வழியில கொளத்தூர்ல வாங்கினியாடான்னு கேட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. பூக்காரம்மா வீட்டுச் செடி, கட்டு பத்து ரூபாய்ன்னேன். இன்னும் சிரிச்சாங்க."

"என்னைத்தான் பூக்காரம்மான்னு சொல்றது. இல்லையா?"

"ஆமாம்மா."

"அதுல ஒண்ணும் இல்லை. என் செடி எல்லாம் நல்ல செடி." அவள் எழுந்து ஒரு கூடையை அவர் முன்னால் வைத்தாள். காய்ந்த பாதாம் மர இலைகள். "இதைக் கழுவிக் கொடுத்துட்டுப் போங்க. அந்த மண்ணுக்குப் போடணும்."

"கிழங்கு?"

"உயிரோட இருக்கு."



அதன்பிறகு அவர் மாதம் ஒருமுறை என்ற கணக்கை விட்டுவிட்டார். வாரம் ஒருமுறை வந்தார். வந்தால் இலை கழுவினார். நத்தை பொறுக்கினார். கடைகளுக்குப் போகும் செடிகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து, தண்ணீரில் மிதக்காமல் இருக்க அடியில் ஈயப் பட்டை சுற்றினார். முதல் நாள் ஒரு கட்டைச் சுற்ற ஐந்து நிமிடம் ஆனது. சலோமி அதைப் பிரித்துத் திரும்பக் கொடுத்தாள்.

"தண்டு நசுங்குது. மெதுவா."

"பத்து ரூபாய்ச் செடிக்கா?"

"வாங்கறவங்களுக்கு அதுதான் முதல் செடி சார். ஒரே நாள்ல அழுகினா அடுத்ததை வாங்க மாட்டாங்க."

அவர் திரும்பச் சுற்றினார்.

சித்திரையில் ஓர் இலை வந்தது. குட்டையாக, கரும்பச்சையாக, முன்பு இருந்த இலைக்குச் சம்பந்தமே இல்லாமல். அக்னி நட்சத்திரத்தில் அது நுனி கருகியது.

"எங்க வீட்டுல ஏசி ரூம் இருக்கு. எடுத்துட்டுப் போகட்டுமா?"

"அங்கேதானே பூக்கலை."

அவள் தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினாள். அந்த வாரம் முழுவதும் அவர் காலையில் ஒரு பஸ் பிடித்து வந்து சாக்கை நனைத்துவிட்டுப் போனார்.



ஆனி மாதம் ஒருநாள் அவர் ஈயப் பட்டை சுற்றிக்கொண்டிருந்தபோது பஷீர் பாய் வந்தார். கொளத்தூர்க் கடைத்தெருவில் மீன் கடை வைத்திருப்பவர். சலோமியின் செடிகளை வாங்குபவர்.

"பாண்டியன் சாரா? என்ன சார் இது? உங்க வீட்டுக்கு வந்தா என் செருப்பைத் தெருவுலயே கழட்டச் சொல்வாங்க. என் கடை நத்தை அதுல ஒட்டி வந்துடும்னு."

"சொல்லியிருப்பேன்," என்றார் சௌந்தரபாண்டியன்.

"இப்போ நத்தை பொறுக்கறீங்களாமே. சலோமியம்மா சொல்லுச்சு."

"நல்லாப் பொறுக்குவார்," என்றாள் சலோமி. "ஒண்ணைக் கூட விட மாட்டார். பழைய வேலை அப்படி."

பஷீர் பாய் சிரித்தார். கட்டுகளை எண்ணி வாளியில் போட்டார். பிறகு கேட்டார்.

"பையன் எப்படி சார் இருக்கார்? ஃபாரின்ல இருந்தாரே."

நடந்ததைச் சலோமி மெதுவாகச் சொன்னாள். பஷீர் பாய் வாளியைக் கீழே வைத்தார். ஏதோ ஓதினார்.

"மன்னிச்சுக்கோங்க சார். தெரியாது. ஒரு தடவை கடைக்கு வந்தார். ரெண்டு வருஷம் இருக்கும். பெட்டியோட வந்தார். ஏர்போர்ட்ல இருந்து நேரா வர்றேன், அப்பாவுக்குக் கொடுக்கணும்னார். அதனாலதான் ஞாபகம்."

சௌந்தரபாண்டியன் எழுந்து நின்றார். மடியிலிருந்த செடிகள் தரையில் விழுந்தன.

"என்ன வாங்கினான்?"

"அது ஞாபகம் இல்லையே சார்."

"செடியா?"

"ஞாபகம் இல்லை சார். ஏதோ வாங்கினார்."

"செடியாத்தான் இருக்கும்," என்றார் சௌந்தரபாண்டியன்.

பஷீர் பாய் போன பிறகு அவர் விழுந்த செடிகளைப் பொறுக்கினார். கை வேகமாக ஓடியது. ஒரு கட்டைச் சுற்றி முடித்தார். இன்னொன்று. பல மாதங்களில் முதன்முறையாகத் தானாகவே பேசினார்.

"பாருங்கம்மா. கடைக்கு வந்திருக்கான். அன்னைக்கு நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அதுவே சரியா இருக்கு."

சலோமி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"உங்க முகம் தெளிஞ்சுது சார்."

அவர் கை நின்றது.

"செத்துப்போன பிள்ளை பொய் சொல்லியிருக்கான்னு ஒருத்தர் வந்து சொல்றார். உங்க முகம் தெளியுது."

அவர் கட்டைக் கீழே வைத்தார். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டி, கழற்றி, திரும்ப மாட்டினார். சொல்லிக்கொள்ளாமல் போனார்.



ஆறு வாரம் அவர் வரவில்லை.

ஆடிக் கடைசியில் வந்தார். இளைத்திருந்தார். தொட்டியின் பக்கம் திரும்பவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"கேளுங்க," என்றார்.

"எது வரணும்னு வேண்டிக்கறீங்க?"

"தெரியலை."

"தெரியாதா, சொல்ல முடியலையா?"

"ரெண்டும்தாம்மா. சாதாரணச் செடியா வந்தா நான் தூங்குவேன். ஆனா அவன் பொய் சொன்னவனாப் போயிடுவான். அவன் சொன்ன செடியா வந்தா அவன் உண்மை சொன்னவன். அப்போ நான் யாரு? விடியக்காலையில ஒண்ணு வேண்டிக்கறேன். காபி குடிக்கறதுக்குள்ள இன்னொண்ணு."

சலோமி தலையசைத்தாள்.

"அந்த நாளைச் சொல்லுங்க."

அவர் சொன்னார். இந்த முறை தேதி இல்லை, மணி இல்லை.

"அதே பேர்ல என்கிட்ட ஒரு செடி இருந்தது. ஒரு மாசம் முன்னாடிதான் சிங்கப்பூர்ல இருந்து வரவழைச்சேன். என்ன விலைன்னு கோமதிக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. இந்த ஊர்ல யார்கிட்டயும் இல்லைன்னு காட்டத்தான் அந்த நாலு பேரையும் கூப்பிட்டேன். அவங்க தொட்டியைச் சுத்தி நின்னு பார்த்துட்டு இருக்காங்க. அப்போ இவன் உள்ள வர்றான். அப்பா, இதையும் பாருங்கன்னு."

"இலை?"

"வேற மாதிரி இருந்தது. என் செடி இலை நீளம். அவன் கொண்டு வந்தது குட்டை. நாலு பேரும் அதைப் பார்க்கறாங்க, இதைப் பார்க்கறாங்க. அப்புறம் என்னைப் பார்க்கறாங்க."

"ஓடை இலை வேற, தொட்டி இலை வேறன்னு நீங்க சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருக்கலாம். அவங்க மனசுல சந்தேகம் நிக்கும். ஏதோ ஒண்ணு போலின்னு. எது போலின்னு நான் சொல்லிட்டேன்."

"கொளத்தூர்னு எப்படித் தோணுச்சு?"

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணாடிக் கிண்ணத்துல வச்சுக் கொடுத்தான். புதுசு. தூக்கிப் பார்த்தேன். அடியில பஷீர் பாய் கடை ஸ்டிக்கர் இருந்தது."

சலோமி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அப்போ பஷீர் பாய்கிட்ட அவர் வாங்கினது..."

"கிண்ணம். அன்னைக்கு இங்கேயே தெரியும் எனக்கு. செடியாத்தான் இருக்கும்னு பாய்கிட்ட சொன்னேன் பாருங்க, அப்பவே தெரியும். செடியை அவன் தண்ணி பாட்டில்ல, ஈரப் பேப்பர் சுத்திக் கொண்டு வந்திருந்தான். அந்தப் பாட்டிலும் அவன் கையில இருந்தது. அப்பாவுக்குப் பாட்டில்ல கொடுக்கறதான்னு போற வழியில இறங்கி ஒரு கிண்ணம் வாங்கியிருக்கான். அந்த ஸ்டிக்கரைத்தான் நாலு பேருக்கும் திருப்பிக் காட்டினேன்."

"உங்க செடி இப்போ எங்கே? அதையும் கொண்டு வாங்க. ரெண்டையும் பூக்க வைப்போம்."

"அது அந்தப் புரட்டாசியிலேயே போச்சு. ரெண்டு நாள் கரண்ட் இல்லை."

அன்று அவர் இலை கழுவவில்லை. சலோமியும் கூடையை எடுத்து வைக்கவில்லை.



ஐப்பசி மழையில் செடி பிடித்துக்கொண்டது. ஒன்பது இலை. கார்த்திகை பிறந்தபோது இலைகளுக்கு நடுவே மண்ணிலிருந்து ஒன்று நீட்டிக்கொண்டு வந்தது. பென்சில் முனை அளவு. இறுகச் சுருட்டிய காகிதம் போல.

சலோமி போன் செய்தாள்.

"மொட்டு விட்டிருக்கு சார்."

மறுமுனையில் டிவி சத்தம் நின்றது.

"மூணு வாரத்துல திறக்கும். திறந்தா ஒரு நாள், மிஞ்சினா ரெண்டு நாள். கூப்பிடறேன்."

"வந்து பார்க்கட்டுமா?"

"திறக்கட்டும்."

இருபத்திரண்டாம் நாள் காலை அவள் திரும்பக் கூப்பிட்டாள்.

சௌந்தரபாண்டியன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"பூத்திருக்காம். வர்றியா?"

கோமதி அடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கு எதுக்குங்க?" என்றாள்.

அவர் தனியாக வந்தார். மழை விட்டிருந்தது. சலோமி வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நடந்தார். உள்ளே வந்தவர் அதை இறக்கிவிட மறந்துவிட்டார்.

தொட்டி ஜன்னலோரம் இருந்தது. பாலிதீனில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது. உள்ளே ஏதோ நிறம் தெரிந்தது. என்ன நிறம் என்று தெரியவில்லை.

"நீங்க பார்த்துட்டீங்களா?" என்றார்.

"பார்த்தேன்."

"என்ன?"

"சொல்லுங்க சார். அப்புறம் பார்க்கலாம்."

"எல்லாம் சொல்லியாச்சேம்மா. மிச்சம் எதுவும் இல்லை."

"கொளத்தூர்னு சொன்னீங்க. சிரிச்சாங்க. பத்து ரூபாய்ன்னீங்க. சிரிச்சாங்க. அவர் என்ன சொன்னார்? பத்து மாசமா அதை மட்டும் நீங்க சொல்லலை."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"இல்லைப்பா, நானே ஓடையில இறங்கிப் பறிச்சேன்னான்."

"அவ்வளவுதானா?"

"நாலு மணி நேரம் நடந்து போனேன்பா. இடுப்பு வரைக்கும் தண்ணின்னான்."

"எப்போ சொன்னார்?"

"இதை முன்னாடியே, கொடுக்கும்போதே சொன்னான்."

"அப்புறம்?"

அவர் குனிந்தார். ஈரமான தன் காலைப் பார்த்தார். சுருட்டிய பேண்ட்டைப் பார்த்தார். அதை இறக்கிவிடக் கை நீட்டி, பாதியில் நிறுத்தினார்.

"பேண்ட்டைச் சுருட்டிக் காட்டினான்," என்றார்.

"என்ன காட்டினார்?"

"முழங்காலுக்குக் கீழ கறுப்புக் கறுப்பாத் தழும்பு. அட்டை கடிச்சது. காட்டு ஓடையில இருக்கும் பாருங்க, அந்த அட்டை. ஆறின புண்ணு, ஆறாத புண்ணு, ரெண்டும் இருந்தது. ஒண்ணுல இன்னும் ரத்தம் கசிஞ்சுது. சிரிச்சுக்கிட்டே காட்டினான். எத்தனை இருக்குன்னு எண்ணுங்கப்பான்னான்."

"எண்ணினீங்களா?"

"பதினாலு."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"அதுக்கப்புறமா அந்த நாலு பேரும் உங்களைப் பார்த்தாங்க?"

"ஆமா."

"அதுக்கப்புறமா கிண்ணத்தைத் திருப்பினீங்க?"

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

சலோமி எழுந்து ஜன்னலோரம் போனாள். நூலை அவிழ்த்தாள். பாலிதீன் தாளை ஒரு கையால் உயர்த்திப் பிடித்தாள்.

"வாங்க சார். சாயங்காலம் வாடிடும்."

அவர் எழுந்திருக்கவில்லை.

அவள் கை வலிக்கும் வரை பிடித்திருந்தாள். பிறகு மூடினாள்.